பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவில்

"மாத்திப் பாத்துடலாம் சார்" என்பதைக் கேட்டாலே எனக்கு ஓர் உறுத்தல். பழைய காரில் சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுபோய் நிறுத்தினால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அது வந்துவிடும். முதலில் பேட்டரியை மாற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு ஏற்றும் பாகம். அதற்கும் மசியவில்லை என்றால், "வண்டி பழசாயிடுச்சு சார், வித்துடுங்க." பேட்டரி எப்படியும் தேய்கிற பொருள்தானே, ஆல்டர்னேட்டரும் என்றைக்காவது போகத்தானே போகிறது, மாற்றினால் என்ன கெட்டுப்போகும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பணம் கெட்டுப்போகும், அது ஒருபுறம் இருக்கட்டும். மாற்றிப் பார்ப்பது சோதனை மாதிரித் தெரியுமே தவிர, சார்ஜ் விஷயத்தில் அது சோதனையே இல்லை என்பதுதான் என் வழக்கு. கோளாறு எதுவாக இருந்தாலும், முழுசாகச் சார்ஜ் ஏற்றிய புதுப் பேட்டரியை வைத்தால் வண்டி கொஞ்ச நாள் ஓடத்தான் செய்யும். அந்த இருப்பு கரையும்வரை எல்லாருக்கும் நிம்மதி. கரைந்த பிறகு வருவதைப் புதிதாக வந்த கோளாறு என்று எடுத்துக்கொண்டு அடுத்த பாகத்தைக் கழற்ற ஆரம்பிக்கிறோம்.

மாமாவின் காரில் நடந்தது அப்படியே இதுதான். கார்பரேட்டர் காலத்து வண்டி. அவர் அதை விற்கவும் மாட்டார், ஓட்டாமல் மூடி வைக்கவும் மாட்டார். பகலில் போய் வந்தால் ஒன்றும் இல்லை. இரவில், அதிலும் மழையில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால், மறுநாள் காலையில் செல்ஃப் முனகும். புதுப் பேட்டரி போட்டார்கள், கொஞ்ச நாள் கழித்து மறுபடி அதே முனகல். ஆல்டர்னேட்டரையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகும் ஒரு மழை இரவுக்கு மறுநாள் வண்டியைத் தள்ள வேண்டி வந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, பேட்டரி புதுசு, ஆல்டர்னேட்டரும் புதுசு. இன்னும் என்னடா பாக்கி?" அவர் கோபமாகக் கேட்டாலும், அது சரியான கேள்வி. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் போக மிச்சம் என்ன இருக்கிறது?

மெக்கானிக் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவர் அளக்காமல் ஒன்றும் மாற்றவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் குச்சிகளை வைத்து மாமாவிடமே காட்டியிருக்கிறார். "பாருங்க சார், 14.2 காட்டுது. இதுக்கு மேல என்ன சார்ஜ் ஏறணும்?" இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். ஆக 14.2 நல்ல எண். அது பொய்யும் இல்லை. ஆனால் அளந்தது பட்டப்பகலில், ஹெட்லைட், ஃபேன், வைப்பர் எல்லாம் அணைந்திருந்த நேரத்தில்.

விளக்கு சும்மா இருப்பதன் பொருள்

அளவுக்குப் போவதற்கு முன் டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்பு பேட்டரி விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மாமாவும் முதலில் சொன்னது அதைத்தான்: "விளக்கு எரியவே இல்லையேடா!" பழைய கார்களில் அந்த விளக்கு வோல்டேஜை அளக்கும் கருவி இல்லை. அதன் ஒரு பக்கம் சாவி வழியாகப் பேட்டரியோடும் மறுபக்கம் ஆல்டர்னேட்டரோடும் சேர்ந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் ஆல்டர்னேட்டர் பக்கம் ஒன்றும் இல்லாததால் விளக்கு எரியும். அப்படி எரியும்போது அதன் வழியாகப் போகும் சின்ன மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டரைக் காந்தமாக்கி அதை எழுப்பிவிடுகிறது. இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் பிடித்துக்கொண்டால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே வோல்ட் ஆகிவிடும், விளக்கு அணையும். அதாவது, இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதற்கு மேல் அந்த விளக்குக்கு வேறெதுவும் தெரியாது. வித்தியாசம் ஒரு வோல்ட் இருந்தால் 12 வோல்ட் பல்பின் இழை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிவக்காது. பேட்டரி பாதி பசியில் இருந்தாலும் விளக்கு வாயைத் திறக்காது.

சாவியைத் திருப்பும்போது இந்த விளக்கு எரிகிறதா என்பது இன்னும் முக்கியம் என்பேன். அப்போது எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் தேய்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டரின் பின்னாலிருக்கும் சின்ன ஒயர் கழன்றிருக்கலாம். பல்ப் போனதால் சார்ஜ் ஏறாத வண்டிகள் உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ரோட்டரில் மிச்சமிருக்கும் கொஞ்சூண்டு காந்தத்தை வைத்து, ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்த பிறகுதான் அவை விழிக்கும். இதைப் பார்க்க மீட்டர்கூட வேண்டாம். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல், ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் அருகே கொண்டு போனால் லேசாக இழுக்கும். இழுத்தால் ரோட்டருக்கு மின்சாரம் போகிறது. மாமாவின் வண்டியில் இழுத்தது. விளக்கும் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. பெல்ட்டும் வழுக்கவில்லை, கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு உள்ளே போனது, பக்கங்களில் பளபளப்பு ஏறியிருக்கவில்லை.

பேட்டரியை அளக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வண்டியை நிறுத்தின கையோடு அளந்தால் எந்தப் பேட்டரியும் நன்றாகத்தான் காட்டும். மேலாக ஏறி நிற்கும் சார்ஜ் அது. சில மணி நேரம் சும்மா விட்டோ, ஹெட்லைட்டை ஓரிரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தோ அளந்தால் உண்மை தெரியும். 12.6-க்கு மேல் இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12 என்றால் கிட்டத்தட்ட காலி. மாமாவின் புதுப் பேட்டரி 12.15-இல் நின்றது. மாட்டி அதிக நாள் ஆகாத பேட்டரி, பாதிக்குக் கீழே. ஆக, ஒன்று நிற்கும்போது எங்கோ கசிகிறது, இல்லை ஓடும்போது போதுமான அளவு ஏறவில்லை.

லோடு கொடுத்து அளந்தபோது

சார்ஜரில் ஓரளவு ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினோம். மாமாவை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து இன்ஜினைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். முதலில் மெக்கானிக் அளந்த மாதிரியே எல்லாவற்றையும் அணைத்து வைத்து அளந்தேன். அதே 14.2. அப்புறம் ஹெட்லைட் ஹைபீமில், ஃபேன் கடைசிப் புள்ளியில், வைப்பர் வேகத்தில். மழை இரவில் மாமா ஓட்டும்போது இருக்கும் நிலைமை இதுதான். பேட்டரியில் எண் 14.2-இலிருந்து இறங்கி 13.2-இல் நின்றது.

இந்த இடத்தில் ஆல்டர்னேட்டர் திணறுகிறது, கழற்று என்று சொல்வது ரொம்பச் சுலபம். அளவு பார்க்கிறவர்களிலும் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். லோடு கொடுத்ததும் வோல்ட் விழுந்தது, ஆகவே தயாரிக்கிறவன் பலவீனம். ஆனால் அளந்தது பேட்டரியில், ஆல்டர்னேட்டரில் இல்லை. குச்சிகளை எடுத்து, ஒன்றை ஆல்டர்னேட்டரின் பின்னாலிருக்கும் தடித்த போல்ட்டிலும் இன்னொன்றை அதன் உடம்பிலும் வைத்தேன். 14.4. லோடு அப்படியே இருக்கிறது, ஒன்றையும் அணைக்கவில்லை. ஆல்டர்னேட்டர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தது. கிளம்புவது 14.4, வந்து சேருவது 13.2. அணை நிரம்பியிருக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை.

வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் இதை ஏன் கவனிக்கவில்லை என்று மாமா கேட்டார். இந்த மாதிரி வண்டிகளில் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்கு உள்ளேயே இருக்கும், அது பார்ப்பதும் அங்கே இருக்கும் வோல்டேஜைத்தான். அங்கே 14.4 இருக்கும்வரை அதற்கு வேறு கவலை கிடையாது. சில வண்டிகளில் பேட்டரியிலிருந்தே ஒரு மெல்லிய ஒயரை இழுத்து வந்து அதற்குக் காட்டுவார்கள். அந்த வசதி இதில் இல்லை. ஆக, ஆல்டர்னேட்டரை இன்னும் எத்தனை முறை மாற்றினாலும், புதிதாக வருவதும் இதே 14.4-ஐக் காட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

தொலைந்த 1.2 வோல்ட் எந்தப் பக்கம் என்று பிரிக்க மீட்டர் ஒன்றே போதும். லோடு போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு குச்சியை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் மற்றொன்றைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தேன். 0.07. எர்த் பக்கம் சுத்தம். பிளஸ் பக்கம், ஆல்டர்னேட்டர் போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு: 1.13. பழுதில்லாத ஒயரில் இது 0.2, மிஞ்சிப்போனால் 0.3 இருக்கும். மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை அந்த ஒயரில் மாட்டிப் பார்த்ததில் 31 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 1.13-ஐ 31-ஆல் வகுத்தால் 0.036 ஓம். பெருக்கினால் 35 வாட். அந்த வாட் எங்கேயோ சூடாக வெளியேறியே ஆக வேண்டும். சின்ன சாலிடரிங் அயர்ன்கள் 25 வாட்டில் ஈயத்தை உருக்குகின்றன.

இன்ஜினை அணைத்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஒயரில் கை வைத்தோம். ஆல்டர்னேட்டரின் பின்னாலிருக்கும் போல்ட்டில் சாவி இல்லாவிட்டாலும் எப்போதும் பேட்டரியின் பிளஸ் நிற்கும். ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டால் வெல்டிங்தான். போல்ட் இறுக்கமாக இருந்தது, ஒயர் முனையில் போல்ட்டில் மாட்டும் லக் பளிச்சென்று இருந்தது. ஆல்டர்னேட்டர் மாற்றியபோது மெக்கானிக் அதை உப்புத்தாளால் தேய்த்தே மாட்டியிருக்கிறார். ஆனால் லக்கின் கழுத்தில் இருந்த ரப்பர் உறை விறைத்துப் பழுப்பேறியிருந்தது. அதைப் பிளந்ததும் உள்ளே பச்சைப் பொடி. செம்பு இழைகள் லக்குக்குள் நுழையும் இடத்தில் பாதிக்கு மேல் கறுத்து, தொட்டதும் உதிர்ந்தன. வெளியிலிருந்து நுழைந்த தண்ணீர் இழைகளுக்கு இடையிலேயே ஏறி வருடக்கணக்கில் தின்றிருக்கிறது. ஆல்டர்னேட்டர் மாறியது, அதோடு சேர்ந்திருந்த ஒயர் மாறவில்லை. கழற்றிய லக்கையே எடுத்துப் புதியதில் மாட்டியிருக்கிறார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஒயரை ஓம் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். தெரியாது. கழற்றிய பிறகு வேண்டுமென்றே பார்த்தேன்: இரண்டு முனைக்கும் நடுவே 0.2 ஓம். மீட்டரின் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலும் அதே 0.2. குச்சிகளின் தடையே 0.2 இருக்கும் மீட்டரில் 0.036 எங்கே தெரியப்போகிறது? பீப் சத்தமும் ஜோராக வரும். டெஸ்ட் லாம்ப் வைத்தாலும் பளீரென்று எரியும். ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அந்தச் சின்ன பல்புக்குப் போதும். மின்சாரம் நிறையப் போகும்போது மட்டும்தான் இந்தக் கோளாறு முகத்தைக் காட்டும். பகலில் 5, 6 ஆம்பியர் ஓடும்போது அதே 0.036 ஓம் தின்றது 0.2 வோல்ட் மட்டும். மெக்கானிக் பார்த்த 14.2 அப்படி வந்ததுதான். அவர் எண்ணும் சரி, மாமாவின் புகாரும் சரி.

செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள் தனி வழி, அதனால் பேட்டரி நிறைந்திருந்த நாட்களில் வண்டி துள்ளிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. இதுவும் எல்லாரையும் திசை திருப்பியிருக்கிறது. "ஒயர்ல கோளாறுன்னா செல்ஃபும் எடுக்காதே சார்" என்று மெக்கானிக் பிற்பாடு என்னிடமே சொன்னார். அந்த லக்கை அவர் கையில் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத நான் கையால புடிச்சுத்தானே மாட்டுனேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேட்டரி, ஆல்டர்னேட்டர் என்று பெயர் உள்ள பாகங்களுக்குத்தான் கடையில் பெட்டி இருக்கிறது, விலை இருக்கிறது. நடுவில் இருக்கும் ஒரு முழ ஒயரை "போச்சு" என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

இழைகளின் கறுப்பு நிறம் ஒயருக்கு உள்ளே வெகுதூரம் ஓடியிருந்ததால் லக்கை மட்டும் மாற்றாமல் முழு ஒயரையும் மாற்றினோம். பழையதைவிட ஒரு அளவு தடிமன். அதே லோடு, அதே வேகம்: ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரியில் 14.1. அன்றிரவு ஓட்டிப் பார்த்துவிட்டு மாமா போன் செய்தார். ஹெட்லைட் இவ்வளவு வெளிச்சமாக எரிந்து பார்த்து நாளாயிற்றாம். வயசாகி கண் மங்குகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே பல்பின் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறையும். 14.1-க்கும் 13.2-க்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும்.

கழற்றிப் பார்க்கும் வித்தை

இன்னொரு சோதனை உண்டு, அதைச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பு பதறும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றுவார்கள். வண்டி நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று தீர்ப்பு. டைனமோ காலத்தில் வந்த பழக்கம் இது. 1960-இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் போட்டு அதைப் பொதுப்பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஆல்டர்னேட்டரில் உண்டாகும் ஏசியை டிசியாக மாற்றும் சிலிக்கான் டயோடு மலிவானதால்தான் அது நடந்தது. ஓடும்போது பேட்டரியைப் பிடுங்கினால் முதலில் அடிபடுவதும் அந்த டயோடுகள்தான். பேட்டரி இருக்கும்வரை அது வோல்டேஜின் துள்ளலை எல்லாம் விழுங்கிக்கொண்டு இருக்கும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிற நொடியில் அதை எடுத்துவிட்டால் ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். 100 வோல்ட்டை ஒட்டிக்கூடப் போகலாம். நல்ல ஆல்டர்னேட்டர், ரேடியோ, இக்னிஷன் மாட்யூல் என்று எது மாட்டினாலும் அதோடு போகும். இந்தச் சோதனை சொல்வதும் ஒன்றும் பெரிதல்ல. மாமாவின் வண்டி இதில் முதல் மார்க் வாங்கியிருக்கும்.

டயோடு போயிருக்கிறதா என்று பார்க்க மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் வைத்தால் போதும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகப்படலாம். ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலியும் அதே கதையைச் சொல்லும். உள்ளே ஷார்ட்டான டயோடு, வண்டி நிற்கும்போதும் பேட்டரியை உறிஞ்சும். அதனால், ஓடும்போது ஏறவில்லை, நிற்கும்போது கசிகிறது என்ற இரண்டு வழக்கும் சில சமயம் ஒரே ஆளிடம் போய் முடியும். மாமாவின் வண்டியில் நிற்கும்போது கசிவு 22 மில்லி ஆம்பியர்தான், கடிகாரமும் ரேடியோவின் நினைவும் சாப்பிடுவது. 50 வரை கவலை இல்லை. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் ஆகும். அதுவே 500 என்றால் நாளைக்கு 12, இரண்டு மூன்று நாளில் சாதாரணப் பேட்டரி செல்ஃப் எடுக்காது.

இதெல்லாம் பழைய வண்டிகளுக்குத்தான். கம்ப்யூட்டர் ஆல்டர்னேட்டரை ஆட்டிவைக்கும் புதிய வண்டிகளில் எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டுமென்றே வோல்டேஜை இறக்கி வைப்பார்கள், பிரேக் பிடிக்கும்போது ஏற்றுவார்கள். அங்கே 12.8-ஐப் பார்த்துவிட்டு யாரும் எதையும் கழற்றக் கூடாது.

ஒயர் மாற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பாதி சார்ஜிலேயே கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டிப்படும், அது ஏறினால் லேசில் கரையாது. அதனால் ஆல்டர்னேட்டரை நம்பாமல் சார்ஜரில் மெதுவாக முழுக்க ஏற்றச் சொன்னேன். காலியான பேட்டரியை ஆல்டர்னேட்டரை வைத்தே நிரப்ப நினைத்தால் அது சூட்டில் வேகும். இது மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்பதால், ஏற்றி முடிந்து ஆறின பிறகு அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு அறையிலும் விட்டுப் பார்த்தோம். ஐந்து அறையில் 1.26-ஐ ஒட்டி இருந்தது, ஓர் அறையில் 1.20. ஒரே பேட்டரியில் அறைக்கு அறை 0.05-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த அறை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். குளிர்காலம் வரை தாங்கினால் அதிசயம் என்று மாமாவிடம் சொன்னேன். "அப்ப இதையும் மாத்தணுமா?" என்றார். ஆமாம், இதை மாற்றத்தான் வேண்டும்.